கருவை முள்ளும் டியூப்லெஸ் டயரும்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சைக்கிள் மிதிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தனுஷ்கோடி பார்க்கச் சைக்கிளில் வருகிறவர்கள் பாதி வழியில் எனக்குப் போன் அடிப்பது வழக்கமாகிவிட்டது. "டியூப்லெஸ்தான் போட்டிருக்கேன், பஞ்சரே ஆகாதுன்னாங்க, காத்துப் போயிருச்சு" என்பதுதான் பெரும்பாலும் சேதி. நான் கடை வைத்திருப்பவன் இல்லை. உச்சிப்புளிப் பக்கத்துக்காரன், வேலைக்கு ராமநாதபுரம் வரை சைக்கிளில் போய் வருகிறவன். ஆறு வருடமாக டியூப்லெஸ் ஓட்டுகிறேன். கேட்டதையே கேட்கிறார்கள் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டியூப்லெஸ் என்றால் பஞ்சரே ஆகாதா?

ஆகும். முள் ஏறும், ஓட்டை விழும். விழுந்தது தெரியாமலே அது அடைபட்டும் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே டியூப் கிடையாது. ரிம்மில் உள்ள கம்பித் துளைகளைக் காற்றுப் புகாத டேப் ஒட்டி மூடி, வால்வை ரிம்மிலேயே இறுக்கி, டயரின் விளிம்பு ரிம்மைக் கவ்விப் பிடிக்கும்படி செய்திருப்பார்கள். உள்ளே சீலண்ட் என்ற பால் போன்ற திரவம் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருக்கும்.

மோட்டார் சைக்கிளிலும் டியூப்லெஸ் இருக்கிறதே, அதில் யாரும் பால் ஊற்றுவதில்லையே என்று கேட்பார்கள். அந்த டயர் தடிமன், ஆணி ஏறினாலும் ரப்பரே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் டயர் மெல்லிசு. அதில் வேலை பார்ப்பது சீலண்ட்தான். சீலண்ட் காய்ந்துபோன டியூப்லெஸ் சைக்கிளும் டியூப் போட்ட சைக்கிளும் முள்ளுக்கு முன்னால் ஒன்றுதான்.

என் சைக்கிளில் மாற்றிக்கொள்ளலாமா?

ரிம், டயர் இரண்டிலும் 'டியூப்லெஸ் ரெடி' என்று எழுதியிருந்தால் மாற்றலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய கறுப்புச் சைக்கிளுக்கு இது ஆகாது.

இந்தப் பக்கத்துக்கு இது அவசியமா?

என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லாவிட்டாலும் இங்கே அவசியம். காரணம் கருவை. சீமைக்கருவேலம், வேலிகாத்தான் என்று என்ன பேர் சொன்னாலும் இந்த மாவட்டத்தில் அது இல்லாத சாலை ஓரம் கிடையாது. மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம், நம் வறண்ட கண்மாயிலும் உவர் மண்ணிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. பச்சையாக மரத்தில் இருக்கும்போது முள்ளால் நமக்குத் தொந்தரவில்லை. வெட்டின பிறகுதான் வினை. இங்கே கரி மூட்டம் போடுவது ஒரு பெரிய பிழைப்பு. விறகு ஏற்றிய டிராக்டர் போன பாதையெல்லாம் சின்னச் சின்னக் கொப்புகள் சிந்திக் கிடக்கும். சாலையோரம் வெட்டிச் சுத்தம் பண்ணின வாரத்தில் இன்னும் மோசம். காய்ந்த கருவை முள் ஆணிக்குச் சமம். ஒரு கணுவில் இரண்டு முள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதால், கொப்பு எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முனை மேலே பார்த்துத்தான் இருக்கும்.

இரண்டாவது நெருஞ்சி. மஞ்சள் பூ அழகாக இருக்கும், தரையோடு தரையாகப் படரும். காய் ஐந்து துண்டாகச் சிதறும், ஒவ்வொரு துண்டிலும் முள். சாலையை விட்டு ஒரு முழம் இறங்கி டீ குடிக்க நின்றாலே டயரில் நாலைந்து ஒட்டிக்கொண்டு வரும். கருவை ஒரே குத்தாகக் குத்தும், நெருஞ்சி பத்து இடத்தில் கடிக்கும்.

டியூப் ஓட்டிய காலத்தில் மழைக்குப் பிறகு வாரம் ஒரு பஞ்சர் எனக்கு நிச்சயம். இப்போது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் வழியில் இறங்கி நிற்கிறேன். அதற்காக டியூப்லெஸ் எல்லாருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் ஒரு நாள் மட்டும் சைக்கிளைத் தொடுகிறவர் டியூபிலேயே இருக்கலாம். சும்மா நிற்கும் சைக்கிளிலும் சீலண்ட் காயும்.

சீலண்ட் எப்படி ஓட்டையை அடைக்கிறது?

எருக்கிலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடியும், கொஞ்ச நேரத்தில் விரலில் பிசுபிசுத்து, அப்புறம் தோல் மாதிரி உரிக்க வரும். பெரும்பாலான சீலண்டுகள் ரப்பர் பாலில் செய்தவை, சங்கதி கிட்டத்தட்ட இதேதான். ரப்பர் துகள்கள் நீரில் மிதக்கின்றன, கட்டிபடாமல் இருக்கப் பலவற்றில் அமோனியா சேர்க்கிறார்கள். பாட்டிலைத் திறந்தால் மூக்கில் ஏறும் நெடி அதுதான். ஓட்டை வழியாகக் காற்று சீறி வெளியேறும்போது இந்தப் பாலையும் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டை வாயில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்துகொள்ளும். கூடவே கலந்திருக்கும் நார், தூள் எல்லாம் போய் அடைசலாக நிற்கும். முள், கண்ணாடித்தூள் அளவுள்ள ஓட்டை சில சக்கரச் சுற்றிலேயே அடைபடும். சுமார் 3 மி.மீ.க்கு மேல் போனால் ஓட்டையில் ரப்பர் திரி செருக வேண்டியிருக்கலாம்.

எவ்வளவு ஊற்றுவது, எப்போது மாற்றுவது?

28 அல்லது 32 மி.மீ. சாலை டயர் என்றால் 30 முதல் 45 மி.லி., 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி., இரண்டே கால் அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 100 மி.லி. நான் எதிலும் 20 மி.லி. கூடுதலாகவே ஊற்றுகிறேன். முள்ளுக்கு முன்னால் எடைக்கணக்கு பார்த்து என்ன ஆகப்போகிறது?

எப்போது என்பதுதான் உண்மையான கேள்வி. பாட்டிலில் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதம் என்று போட்டிருப்பார்கள். குளிர்ந்த ஊருக்கு ஆறு, நமக்கு இரண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் பங்குனி முதல் ஆவணி வரை ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன், மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. எனக்குப் போன் அடித்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் கதை ஒன்றுதான்: கடையில் வாங்கும்போது ஊற்றிய சீலண்ட், அப்புறம் திறந்தே பார்க்கவில்லை, வருடம் ஒன்றாகிவிட்டது. முள்ளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

உள்ளே இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? சக்கரத்தைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, கடையில் தேங்காய் குலுக்குவது போல் குலுக்குங்கள். சளப் சளப் என்றால் இருக்கிறது. சத்தமே இல்லை என்றாலோ, உள்ளே உருண்டை உருளுகிற மாதிரி தட்டினாலோ காய்ந்துவிட்டது. இன்னொரு வழி, காற்றை இறக்கி வால்வின் உள்திருகைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை உள்ளே விட்டு நனைகிறதா என்று பார்ப்பது. புதிதாக ஊற்றுவதும் அதே வழியாகத்தான், ஊசி இல்லாத சிரிஞ்சு போதும். வால்வைக் கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு ஊற்றுங்கள், திரும்பக் கொட்டாது. ஊற்றுவதற்கு முன் பாட்டிலை நன்றாக ஆட்ட வேண்டும். அடியில் தங்கிய நாரும் தூளும் இல்லாமல் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ஓட்டை அடைபடாது.

முள் குத்தி நிற்கிறது. பிடுங்கலாமா, விட்டுவிடலாமா?

காற்று போகவில்லை, வீடு பக்கம் என்றால் விட்டுவிடுங்கள். முள்ளே அடைப்பாக நிற்கிறது. நீண்டு துருத்திக்கொண்டு இருந்தால் மட்டும் வெளியே தெரிவதை ஒடித்துவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஆழமாக ஏறும்.

இன்னும் 40 கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் நிழலாகப் பார்த்து நின்று பிடுங்குவது நல்லது. பிடுங்குவதற்கு முன் திரியும் ஊசியும் கையில் தயாராக இருக்கட்டும். பிடுங்கின உடனே ஓட்டையைத் தரைப் பக்கம் திருப்பிச் சைக்கிளை லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். சீலண்ட் அங்கே வந்து தேங்கும். புஸ்ஸென்ற சத்தம் குறைந்து, வெள்ளையாகக் குமிழ் விட்டு, அப்புறம் ஈரம் மட்டும் நிற்கும். அரை நிமிடத்துக்குள் நடந்துவிடும். நடக்கவில்லை என்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி பிடியுங்கள்.

தூண்டில் முள் ஏறினால்?

மீன் இறங்கும் இடங்களில் இது நடக்கிறது. பாம்பன் பக்கம் எனக்கே ஒரு தடவை ஆனது. பின் டயர் நடுவில் பளபளவென்று வளையம், கூடவே ஒரு சாண் நரம்பு. வேகத்தில் பிடித்து இழுத்தேன். தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி இருக்குமே, அது டயர் நூலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. முள் குத்தியதைவிட நான் கிழித்ததுதான் பெரிய ஓட்டை. வளைவின் போக்கிலேயே தள்ளி முனையை வெளியே கொண்டுவந்து, கொக்கியைக் குறடால் வெட்டிவிட்டு, வந்த வழியே இழுக்க வேண்டும். விரலில் ஏறினால் எடுப்பார்களே, அதே மாதிரி.

சீலண்ட் அடைக்கவில்லை. வழியில் என்ன செய்வது?

திரி போடுங்கள். பஞ்சர் கடையில் மோட்டார் சைக்கிளுக்குச் செருகும் ஒட்டுப்பிசுக்கான ரப்பர் திரிதான், சைக்கிளுக்கு மெல்லியதாக 1.5 மி.மீ., 3.5 மி.மீ. என்று கிடைக்கிறது. திரியை ஊசிக் காதில் பாதியளவு கோத்து, ஓட்டையில் நேராக அழுத்தி, இரண்டு முனையும் வெளியே கொஞ்சம் தெரியும்போது நிறுத்தி, ஊசியை மட்டும் சட்டென்று உருவ வேண்டும். மெதுவாக உருவினால் திரியும் கூடவே வந்துவிடும். துருத்தி நிற்பதை ஒட்ட வெட்டாதீர்கள், இரண்டு மூன்று மி.மீ. விடுங்கள். ஓட்ட ஓட்ட அதுவே தேய்ந்து படிந்துவிடும்.

காற்று முழுக்கப் போகும்வரை வேடிக்கை பார்க்காமல் அழுத்தம் கொஞ்சம் இருக்கும்போதே திரியைச் செருகுங்கள். தொளதொளவென்று ஆன டயரில் ஊசி உள்ளே போகாது, வழுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நம் கையில் குத்தும். டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுவிட்டால் கைப்பம்பால் திரும்ப ஏற்றுவதும் பெரும்பாடு.

மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையில் கொடுக்கலாமா?

காற்றடிக்கத் தாராளமாகக் கொடுக்கலாம். பஞ்சர் ஒட்ட என்றால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் டயரில் திரி போடுவதற்கு முன் முறுக்கு அரம் ஒன்றை விட்டு ஓட்டையைக் குடைந்து பெரிதாக்குவார்கள். அந்தத் தடிமனுக்கு அது சரி. ஒரு கடையில் என் டயரில் அதையே விட்டார், நான் "அண்ணே, வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நூல் அறுந்து சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது. அவர் மேல் தப்பில்லை, அவருக்கு வருகிற வண்டிகளுக்கு அதுதான் முறை. அவசரத்துக்கு அந்தத் திரிதான் கிடைக்கிறது என்றால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, அரம் விடாமல் செருகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வால்வு. டியூப்லெஸ் சைக்கிளில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். கடைக் கம்ப்ரஸர் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது, இதில் பிடிக்காது. சுண்டைக்காய் அளவில் பித்தளை அடாப்டர் ஒன்று விற்கிறது, சாவிக்கொத்திலேயே மாட்டி வையுங்கள். கீழக்கரையில் ஒரு கடையில் நான் அதை எடுத்து மாட்டுவதைப் பார்த்த கடைக்காரக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), "இம்புட்டுக்காணு சாமானுக்காகத்தான் நேத்து ஒருத்தர் ஏர்வாடியிலிருந்து தள்ளிக்கிட்டே வந்தாரு" என்றார்.

கம்ப்ரஸரில் கவனம் தேவை. மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற கை பழக்கத்தில் ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். சைக்கிள் டயரில் காற்றின் அளவு கொஞ்சம், கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். உள்விளிம்பில் கொக்கி மடிப்பு இல்லாத ரிம் என்றால் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவே கூடாது. டயரிலும் ரிம்மிலும் எழுதியிருப்பதில் எது குறைவோ அதுதான் கணக்கு.

கழன்ற டயர் ரிம்மில் உட்கார மாட்டேன் என்கிறது.

வால்வின் உள்திருகைக் கழற்றிவிட்டு, டயர் விளிம்பில் இரண்டு பக்கமும் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸரால் ஒரே மூச்சில் காற்று விடுங்கள். டப், டப் என்று வெடிக்கிற மாதிரி சத்தம் வரும். பயப்பட வேண்டாம், விளிம்பு தன் இடத்தில் உட்காருகிற சத்தம் அது. அப்படியும் ஏறாவிட்டால் ரிம் டேப் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடலாமா?

போடலாம். போடவும் தெரிந்திருக்க வேண்டும், கடைசி வழி அதுதான். உங்கள் அளவுக்கு ஒரு டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும். ரிம்மில் இருக்கும் டியூப்லெஸ் வால்வைக் கழற்றினால்தான் டியூப் வால்வு நுழையும். இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை, அந்த வால்வு நட்டு உப்புக்காற்றில் இறுகிக் கிடக்கும். வீட்டில் நிதானமாக ஒரு தடவை கழற்றி மாட்டிப் பழகுங்கள். நட்டைக் கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம்.

டியூப் நுழைப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, இதை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். போன பங்குனியில் என் பின் டயரைக் கழற்றி உள்பக்கம் ஒரு பழைய கைலித் துணியால் துடைத்தேன். துணி சிக்கிச் சிக்கி நின்றது. நின்ற இடத்திலெல்லாம் ஒரு முள் நுனி. ஒவ்வொன்றின் மேலும் சீலண்ட் காய்ந்து, பல் முளைக்கும் ஈறு மாதிரி சின்ன மேடு. எண்ணினேன், பதினேழு. பதினேழு தடவை பஞ்சர் ஆகியிருக்கிறது, ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இதற்குள் டியூபை வைத்துக் காற்றடித்தால் பதினேழு ஓட்டை ஒரே நேரத்தில் விழும். அதனால் துணியால் சுற்றிலும் துடைத்து, சிக்கும் முள்ளையெல்லாம் குறடால் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ பிடுங்கிவிட்டுத்தான் டியூபைப் போட வேண்டும். வெறும் விரலால் தடவாதீர்கள்.

பக்கவாட்டில் கிழிந்துவிட்டது.

சிப்பி, பவளத் துண்டு, உடைந்த பாட்டில் எல்லாம் செய்கிற வேலை இது. பக்கவாட்டு ரப்பர் மெல்லியது, எந்நேரமும் நெளிகிறது, திரி நிற்காது. உள்ளே ஒரு ஒட்டு வைத்து, டியூப் போட்டு, அழுத்தம் குறைவாக வைத்து வீடு வந்து சேருங்கள். ஒட்டுக்குப் பழைய டயர்த் துண்டு நல்லது. இல்லை என்றால் பால் பாக்கெட்டை நாலாக மடித்து வைத்தாலும் தாங்கும். அப்புறம் அந்த டயரை மாற்றிவிடுங்கள்.

தனுஷ்கோடிக்குப் போகும்போது எவ்வளவு காற்று வைப்பது?

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த தார்ச்சாலை இருக்கிறது. முன்பு வேனும் ஜீப்பும் மணலிலும் தண்ணீரிலும் தத்தளித்துப் போன தடம் அது. சாலையில் மட்டும் போகிறவர் வழக்கமான காற்றே வைக்கலாம். 70 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டயரில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. எனக்குச் சரியாக இருக்கிறது. காற்று அடிக்கும் நாளில் மணல் சாலை மேல் நாக்கு நாக்காக ஏறிக் கிடக்கும், அதில் வேகமாகத் திருப்பினால் முன் சக்கரம் வழுக்கும்.

1964 புயலில் அழிந்த பழைய ஊர்ப்பக்கம் மணலில் இறங்க ஆசைப்பட்டால் 25-க்கு இறக்குங்கள். டியூப்லெஸ்ஸில் இது பெரிய வசதி. டியூப் இருந்தால் இந்த அழுத்தத்தில் ஒரு கல்லில் மோதினாலே கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். ஆனால் திரும்பிச் சாலை ஏறியதும் காற்றடித்துவிடுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் இரும்பு இணைப்புகளில் காற்றுக் குறைந்த டயரோடு வேகமாக ஏறினால் ரிம்மே நெளியும்.

ராமேஸ்வரம் தாண்டினால் பஞ்சர் கடையை எதிர்பார்க்காதீர்கள். பம்ப், டியூப், தண்ணீர் எல்லாம் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் காற்று குறைந்திருக்கிறது. பஞ்சரா?

இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு. பாதிக்குமேல் குறைந்தால் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பாருங்கள். குமிழ் டயரில் வந்தால் முள். வால்வு அடியில் வந்தால் நட்டைக் கையால் இறுக்குங்கள். கம்பித் துளைகளில் வந்தால் உள்ளே டேப் போய்விட்டது, சீலண்ட் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது, டேப் மாற்ற வேண்டும்.

வால்வு அடைத்துக்கொண்டு காற்றே ஏறவில்லையே?

உள்திருகில் சீலண்ட் காய்ந்திருக்கும். கழற்றி ஊசியால் சுரண்டுங்கள், போகாவிட்டால் புதிது போடுங்கள். விலை சொற்பம். காற்றடிக்கும்போது வால்வைச் சக்கரத்தின் மேல்பக்கம் வைத்துக்கொண்டால் இந்த அடைப்பு குறையும்.

சட்டையில் சீலண்ட் பட்டால் போகுமா?

உடனே தண்ணீரில் அலசினால் போகும். காய்ந்துவிட்டால் அந்தச் சட்டை இனிமேல் சைக்கிளுக்குத்தான்.